யூரின் ரிப்போர்ட் பாசிட்டிவ், டாக்டர் நோட்டில் 'அப்நார்மல் யூஏ' மட்டும்: என்ன கோடு போடுவது?

கேள்வி இதுதான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன ஒரு மெடிக்கல் கோடருக்கு, அதாவது சார்ட்டைப் படித்து நோய்க்கான கோடு போடுகிறவருக்கு, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் எமர்ஜென்சி சார்ட் வந்திருக்கிறது. 78 வயதுப் பெண், வீட்டில் வழுக்கி விழுந்து இடது இடுப்பில் அடி. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிக்கடி சிறுநீர் போவதும் இல்லை என்று நோட்டிலேயே இருக்கிறது. யூரின் டெஸ்டில் லூகோசைட் எஸ்டரேஸ் 2+, நைட்ரைட் பாசிட்டிவ். டாக்டர் அசெஸ்மெண்டில் இரண்டே வரி: இடது இடுப்பில் கன்டூஷன் (ஊமையடி), அப்நார்மல் யூஏ (யூரின் டெஸ்ட் அசாதாரணம்), கல்ச்சர் அனுப்பியாயிற்று, செஃபலெக்சின் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சரில் ஈ. கோலை, மில்லிக்கு ஒரு லட்சம் காலனிக்கு மேல். கோடர் என் 39.0 (சிறுநீர்ப்பாதைத் தொற்று, அதாவது யூடிஐ), பி 96.20 (ஈ. கோலை கிருமி) இரண்டையும் போட்டிருக்கிறார். ஆடிட்டர் இரண்டையும் அடித்துவிட்டு ஆர் 82.90 (சிறுநீரில் குறிப்பிடப்படாத அசாதாரணம்) என்று திருத்தியிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் ஆர் 82.71 (பாக்டீரியூரியா, அதாவது சிறுநீரில் பாக்டீரியா) என்கிறார். "ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார், கிருமியும் வளர்ந்திருக்கிறது, இது யூடிஐ இல்லாமல் வேறென்ன?" என்று அந்தக் கோடரான நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

ஆடிட்டர் போட்டதுதான் சரி. இடுப்பு அடிக்கு எஸ் 70.02எக்ஸ்ஏ, கூடவே விழுந்ததற்கான வெளிக்காரணக் கோடு, அப்புறம் ஆர் 82.90. அந்த சார்ட்டில் அதற்கு மேல் போக வழியில்லை. ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. காரணம் சொல்லாமல் கோட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த சார்ட்டிலும் இதே தப்புதான் நடக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் நோய்க் கோடுப் புத்தகமான ஐசிடி-10-சிஎம்மில் ஆர் 80 முதல் ஆர் 82 வரை உள்ள பகுதியின் தலைப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 'சிறுநீர்ப் பரிசோதனையில் அசாதாரணக் கண்டுபிடிப்புகள், நோய் நிர்ணயம் இல்லாமல்' என்பது அதன் பொருள். கடைசி இரண்டு சொற்களை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. ரிப்போர்ட்டில் ஏதோ தவறாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பெயர் வைக்க வேண்டியவர் இன்னும் வைக்கவில்லை என்ற நிலைக்காகவே இந்தப் பகுதி இருக்கிறது. பெயர் வைத்துவிட்டால் இந்தக் கோடுகளுக்குப் பெரும்பாலும் வேலை முடிந்தது. பெயர் வைக்காதவரை நாம் அந்த இடத்தைத் தாண்டக் கூடாது.

சரி, உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் யூடிஐ என்றுதானே வருகிறது? மருத்துவமாகப் பார்த்தாலும் அப்படி வரவேண்டியதில்லை. லூகோசைட் எஸ்டரேஸ் என்பது வெள்ளணுக்களிலிருந்து வரும் ஒரு என்சைம். ஈ. கோலை மாதிரியான கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டும் சேர்ந்து வெள்ளணுவும் கிருமியும் இருக்கின்றன என்று காட்டுகின்றன, அவ்வளவுதான். அவை நோயாளிக்குத் தொந்தரவு தருகின்றனவா, சும்மா குடியிருக்கின்றனவா, இல்லை மாதிரி எடுக்கும்போது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவையா என்பதை ஸ்ட்ரிப் சொல்லாது. வயதான பெண்களில் அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமான ஐடிஎஸ்ஏ 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, கர்ப்பிணிகள், சளிச்சவ்வு காயப்படக்கூடிய சிறுநீர்ப்பாதைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அறிகுறியற்ற பாக்டீரியூரியாவைத் தேடிப் பிடித்து மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. விழுந்து அடிபட்டு வந்த அந்த அம்மாவுக்குத் தொற்று இருந்ததா என்பதில் டாக்டர்களே இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். நாம் சென்னையிலோ கோவையிலோ ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் தீர்த்துவைக்கப் பார்த்தால் எப்படி?

ஆன்டிபயாடிக் கொடுத்ததும் நிர்ணயம் ஆகாது. கல்ச்சர் வரும்வரை பாதுகாப்புக்காகக் கொடுப்பதும் உண்டு. மருந்தைப் பார்த்து நோயைக் கோடு செய்யாதே என்பது பயிற்சி வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம்தான். புரொடக்‌ஷன் எண்ணிக்கையைத் துரத்தும்போது அதுதான் முதலில் மறக்கும்.

ஆர் 82.71 ஏன் இல்லை? அது பாக்டீரியூரியாவுக்கான கோடு. இந்த சார்ட்டில் பாக்டீரியூரியா என்று சொன்னது லேப், டாக்டர் இல்லை. கல்ச்சர் தாளில் எண் இருக்கிறது என்பதற்காக அந்தச் சொல்லை நாம் டாக்டர் வாயில் போட முடியாது. அவர் எழுதியது 'அப்நார்மல் யூஏ'. அதற்கு நேரானது 'சிறுநீரில் குறிப்பிடப்படாத அசாதாரணக் கண்டுபிடிப்பு', அதாவது ஆர் 82.90. ஸ்ட்ரிப்பில் மாறியிருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கோடு தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

இங்கே உங்கள் ஆடிட்டருக்கும் ஒரு வார்த்தை. 'அசாதாரணக் கண்டுபிடிப்புகளை, டாக்டர் அவற்றின் முக்கியத்துவத்தைக் குறிப்பிட்டால் ஒழியக் கோடு செய்யக் கூடாது' என்ற விதியை அவர் மேற்கோள் காட்டியிருந்தால், அது அதிகாரபூர்வ வழிகாட்டுதலின் மூன்றாம் பிரிவில் வருவது. அந்தப் பிரிவு இன்பேஷண்டுக்கு, அதாவது அட்மிட் ஆனவர்களுக்கு, உரியது. எமர்ஜென்சியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய சார்ட்டுக்கு நான்காம் பிரிவுதான் பொருந்தும். முடிவு சரி, காட்டிய பக்கம் தப்பு. இது சும்மா குறை சொல்வதற்காக இல்லை. அவுட்பேஷண்டில், அதாவது அட்மிட் ஆகாதவர்களுக்கு, நடைமுறை நிஜமாகவே கொஞ்சம் மாறுகிறது. அங்கே ஒரு டாக்டர் படித்து விளக்கம் எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட் கோடிங் செய்யும் நேரத்தில் கையில் இருந்தால், அதில் உறுதியாகச் சொன்ன நிர்ணயத்தைக் கோடு செய்யலாம். ரேடியாலஜிஸ்ட் டாக்டர், பேத்தாலஜிஸ்ட் டாக்டர். அதனால் சிடி ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று இருந்தால் எடுத்துக்கொள்கிறோம், பேத்தாலஜிஸ்ட் கையெழுத்திட்ட யூரின் சைட்டாலஜியையும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் யூரின் டிப்ஸ்டிக்கையும் கல்ச்சர் எண்ணிக்கையையும் எந்த டாக்டரும் விளக்கி எழுதுவதில்லை. மெஷின் அச்சடிக்கிறது, டெக்னீஷியன் சரிபார்க்கிறார். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

என் கதை ஒன்று. 2016 வாக்கில் நானும் எமர்ஜென்சி சார்ட்டுகள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது சொச்சம் வயதுப் பெண், வயிற்று வலி. ஸ்ட்ரிப்பில் 'பிளட்: லார்ஜ்' என்று இருந்தது. பெரிதாகத்தானே போட்டிருக்கிறது என்று நம்பி ஆர் 31.0, அதாவது கிராஸ் ஹெமடூரியா (சிறுநீரில் ரத்தம்) போட்டுவிட்டேன். ஆடிட்டில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கிராஸ் என்றால் கண்ணுக்குத் தெரிவது. யார் பார்த்தார்கள்?" யாரும் பார்க்கவில்லை. நர்ஸின் டிரையேஜ் குறிப்பில், மாதவிடாய் இன்று இரண்டாம் நாள் என்று இருந்தது. டாக்டர் ரத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அவருக்குக் காரணம் தெரியும், அதனால் எழுதவில்லை. அந்தப் பெண்ணின் பதிவில் இல்லாத ஒரு நோயை நான் ஏற்றிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து லேப் பக்கத்தை முதலில் திறப்பதை விட்டுவிட்டேன். அசெஸ்மெண்டைப் படித்த பிறகுதான் அந்தப் பக்கம் போவேன்.

இனி சொற்களுக்கு வருவோம். பாக்டீரியூரியா, பையூரியா (சிறுநீரில் சீழணு), யூடிஐ, யூரோசெப்சிஸ் நான்கையும் ஒரே பொருளில் எழுதுகிற டாக்டர்கள் உண்டு. கோடில் நான்கும் ஒன்றல்ல. 2015 அக்டோபர் 1-இல் ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வருவதற்கு முன், பழைய ஐசிடி-9-இல் 791.9 என்று ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. சிறுநீரில் என்ன வித்தியாசமாக இருந்தாலும் அதில் போட்டுவிடலாம். புதிய புத்தகம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. 2016 அக்டோபரில் ஆர் 82.7 உடைந்து பாக்டீரியூரியாவுக்கு ஆர் 82.71 கிடைத்தது. 2018-இல் ஆர் 82.99 உடைந்து, சிட்ரேட் குறைவு, ஆக்சலேட், யூரிக் அமிலம், கால்சியம் அதிகம் என்று கல் சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனித்தனி இடம் வந்தது. 2019-இல் பையூரியாவுக்கு ஆர் 82.81 வந்தது. அதற்கு முன்பு இன்டெக்ஸில் பையூரியா என்று தேடினால் நேரே என் 39.0-க்குத்தான் கொண்டுபோய் விடும். சீழணு இருந்தாலே தொற்று என்று புத்தகமே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் 'பையூரியா என்றால் யூடிஐதான்' என்று சாதிப்பது இதனால்தான். அவர்கள் கற்ற காலத்தில் அது சரி. இன்று என் 39.0-க்குக் கீழேயே பையூரியாவுக்கு எக்ஸ்க்ளூட்ஸ்-1 குறிப்பு, அதாவது இரண்டையும் சேர்த்துப் போடாதே என்ற குறிப்பு, இருக்கிறது. அதேபோல் ஆர் 82.71-க்குக் கீழே, யூடிஐயோடு சேர்ந்த பாக்டீரியூரியாவை விலக்கும் குறிப்பு. இரண்டையும் ஒரே சார்ட்டில் சேர்த்துப் போட்டால் ஆடிட்டர் கேட்பதற்கு முன் சாஃப்ட்வேரே கேட்டுவிடும்.

யூடிஐ என்று எழுதியிருந்தாலும் இடம் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். என் 39.0 இடம் குறிப்பிடாத தொற்றுக்கு. அக்யூட் சிஸ்டைடிஸ் (மூத்திரப்பை அழற்சி) என்றால் என் 30.0 வரிசை, ரத்தம் இல்லாமல் இருந்தால் என் 30.00, ரத்தத்தோடு என்றால் என் 30.01. அக்யூட் பைலோநெஃப்ரைடிஸ் (சிறுநீரகத் தொற்று) என்றால் என் 10. 'யூடிஐ வரலாறு உண்டு' என்பது இசட் 87.440, இப்போது நடக்கும் நோய் இல்லை. கிருமிக்கான பி 96.20 தனியாக நிற்கும் கோடு இல்லை. வேறிடத்தில் கோடு செய்த நோய்க்கு இந்தக் கிருமி காரணம் என்று சொல்வதுதான் அதன் வேலை. உங்கள் சார்ட்டில் நோயே நிர்ணயம் ஆகாதபோது அது எதற்குக் காரணம்? அதனால்தான் அதுவும் அடிபட்டது.

யூரோசெப்சிஸ் இதில் பெரிய கண்ணிவெடி. பழைய ஐசிடி-9-இல் அது வெறும் யூடிஐயாக 599.0-க்குப் போனது. இப்போதைய வழிகாட்டுதல், இது தெளிவற்ற சொல், செப்சிஸுக்குச் சமமாக எடுக்காதே, இதற்கென்று இயல்புக் கோடு கிடையாது, டாக்டரைக் கேள் என்று நேரடியாகவே சொல்கிறது. டாக்டர் மனதில் இருந்தது மூத்திரப்பையில் சின்னத் தொற்றா, ரத்தம் வரை பரவிய செப்சிஸா என்பதைப் பொறுத்து இன்பேஷண்ட் பில் தலைகீழாக மாறும். இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை.

டாக்டரைக் கேட்பது, அதாவது குவெரி. உங்கள் சார்ட் மாதிரி டெஸ்டும் மாறியிருக்கிறது, மருந்தும் கொடுத்திருக்கிறார், பெயர் மட்டும் இல்லை என்ற நிலைதான் குவெரிக்கு உகந்த இடம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். 'நைட்ரைட் பாசிட்டிவ், கல்ச்சரில் ஈ. கோலை, யூடிஐ என்று சேர்த்துவிடுங்கள்' என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டுவது. புதிய நோய் நிர்ணயத்துக்கு 'யூடிஐயா, ஆம் அல்லது இல்லை' என்றும் கேட்கக் கூடாது. இந்தத் துறையின் சங்கங்களான அஹிமாவும் அக்டிஸும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் குவெரி நடைமுறை இதைத் தெளிவாகவே தடுக்கிறது. நான் புதியவர்களுக்கு எழுதிக் காட்டுவது இந்த மாதிரி: 'அசெஸ்மெண்டில் அப்நார்மல் யூஏ என்று உள்ளது. லூகோசைட் எஸ்டரேஸ் 2+, நைட்ரைட் பாசிட்டிவ், கல்ச்சரில் ஈ. கோலை ஒரு லட்சத்துக்கு மேல். சிறுநீர்த் தொந்தரவு இல்லை, காய்ச்சல் இல்லை என்று பதிவாகியுள்ளது. செஃபலெக்சின் தரப்பட்டது. எந்த நிலைக்காகச் சிகிச்சை தரப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்தவும்: சிறுநீர்ப்பாதைத் தொற்று, இடம் தெரிந்தால் இடத்துடன், அறிகுறியற்ற பாக்டீரியூரியா, பையூரியா மட்டும், மாதிரியில் மாசு, மருத்துவ முக்கியத்துவம் இல்லை, வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை.' தொந்தரவு இல்லை என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன், பாருங்கள். நமக்குப் பிடித்த பதிலை ஆதரிக்கும் குறிப்புகளை மட்டும் பொறுக்கி வைத்தால், அழகான வடிவத்தில் இருந்தாலும் அது ஊட்டிவிட்ட குவெரிதான்.

நடைமுறையில் எமர்ஜென்சி புரொஃபஷனல் கோடிங்கில் (டாக்டர் கட்டணத்துக்கான கோடிங்) பல கிளையன்ட்கள் குவெரிக்கு வழியே வைப்பதில்லை. அப்போது இருக்கிறதை வைத்து ஆர் 82.90 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போக வேண்டியதுதான். மனதுக்கு ஒப்பாமல் இருக்கும். எனக்கும் இருந்தது.

இதே அம்மா வார்டில் அட்மிட் ஆகியிருந்தால் என்ன மாறும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ப்ராபபிள் யூடிஐ' என்று இருந்தால் இன்பேஷண்ட் மருத்துவமனைக் கோடிங்கில் அதை இருப்பதாகவே எடுத்து என் 39.0 போடலாம். அதே சொல் அவுட்பேஷண்டில் இருந்தால் போடக் கூடாது. எரிச்சலுக்கு ஆர் 30.0, அடிக்கடி போவதற்கு ஆர் 35.0 என்று அறிகுறியோடு நிற்க வேண்டும். ஒரே சொல்லுக்கு ஒரே மருத்துவமனையின் இரண்டு கட்டடங்களில் இரண்டு கோடு வருவது விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி. என் 39.0 இன்பேஷண்டில் சிசி என்ற கூடுதல் எடை உள்ள கோடு. அதனால்தான் அதன் மீது காப்பீட்டு நிறுவனங்களின் கண் எப்போதும் இருக்கும். ஆதாரமில்லாத என் 39.0 மறுப்புக் கடிதத்தோடு திரும்பி வரும்.

கதீட்டர் போட்ட நோயாளி என்றால் இன்னும் கவனம். கதீட்டரால் வந்த தொற்று என்று டாக்டர் தொடர்பைச் சொன்னால்தான் டி 83.511ஏ, அதன் பின் என் 39.0. கதீட்டரும் இருக்கிறது, தொற்றும் இருக்கிறது என்பதற்காக நாமே முடிச்சுப் போடக் கூடாது. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் வந்த கதீட்டர் தொற்றுக்கு அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் கூடுதல் பணம் தருவதில்லை. அதனால் அட்மிஷனின்போதே இருந்ததா என்ற பிஓஏ குறி முக்கியம். முதல் நாள் எடுத்த மாதிரி, மூன்றாம் நாள் வந்த கல்ச்சர், அதைப் பார்த்து டாக்டர் யூடிஐ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொற்று வரும்போதே இருந்திருந்தால் குறி 'ஒய்' தான். முடிவு தாமதமாக வந்தது என்பதற்காக 'என்' ஆகாது. சந்தேகம் இருந்தால் அதையும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ரத்தத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அடுத்த ஆடிட் தப்பு அங்கேதான் வரும். ஹெமடூரியா என்று மட்டும் எழுதினால் ஆர் 31.9. கண்ணுக்குத் தெரிந்தது என்றால் ஆர் 31.0. மைக்ரோஸ்கோப்பில் மட்டும், அறிகுறியும் இல்லை என்று டாக்டர் எழுதினால் ஆர் 31.21. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, மைக்ரோஸ்கோப்பில் ஒரு பெரிதாக்கிய புலத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணு தெரிந்தால்தான் அது மைக்ரோஹெமடூரியா. ஸ்ட்ரிப் நிறம் மாறியது போதாது. ஸ்ட்ரிப்புக்குச் சிவப்பணுவும் ஹீமோகுளோபினும் மயோகுளோபினும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் பச்சையாகும். தசை நசுங்கி வந்தவருக்கும் 'பிளட் பாசிட்டிவ்' வரும். டாக்டர் மயோகுளோபினூரியா என்றால் ஆர் 82.1, ராப்டோமயோலிசிஸ் (தசைச் சிதைவு) என்றே பெயர் வைத்துவிட்டால் எம் 62.82. கல் என்று உறுதியானால் ரத்தம் அந்தக் கல்லோடு சேர்ந்தது, தனியாக வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தால் வந்தது என்று டாக்டர் எழுதினால் பின்னால் டி 45.515ஏ சேரும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமும் இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டவர் வீட்டில் இருந்திருந்தால் உங்களுக்கே தெரியும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்கு நிறம் மாறும். நிற மாற்றத்தை மட்டும் டாக்டர் பிரச்சினையாக எழுதினால் ஆர் 82.91.

புரதம். ரிஸ்க் அட்ஜஸ்ட்மெண்ட் (நோயாளியின் நோய்ச்சுமையை வைத்துக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவது) டீமில் இருப்பவர்கள் இங்கே காது கொடுங்கள். சர்க்கரை நோயாளி, யூரின் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 120 மில்லிகிராம். 30-க்குக் கீழே இருக்க வேண்டியது. உடனே கை இ 11.21-க்கு, அதாவது டயபெட்டிக் நெஃப்ரோபதிக்குப் போகும். டாக்டர் நெஃப்ரோபதி என்று எழுதாதவரை கூடாது. 'சர்க்கரை நோயால் வந்த மைக்ரோஆல்புமினூரியா' என்று தொடர்பை எழுதியிருந்தால் இ 11.29, கூடவே ஆர் 80.9. டயபெடிஸ் ஒரு வரியிலும் புரோட்டினூரியா இன்னொரு வரியிலும் தொடர்பில்லாமல் நின்றால்? 'வித்' விதி இருக்கிறதே, இன்டெக்ஸில் டயபெடிஸுக்குக் கீழே வருவதெல்லாம் தானாகச் சேருமே என்பார்கள். பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நிலைகளுக்குச் சேரும்: நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர் எழுதினால் இ 11.22-ம் என் 18 வரிசையும் தானாக வரும். ஆனால் 'வேறிடத்தில் வகைப்படுத்தாத சிறுநீரகச் சிக்கல்' என்ற பொதுக்கூடைக்கு அந்தச் சலுகை கிடையாது. டாக்டர் இணைக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எண்ணைப் பார்த்து என் 18-இன் நிலையைக் கணக்குப் போடுவதும் நம் வேலை இல்லை. தனி லேப் ரிப்போர்ட் ரிஸ்க் அட்ஜஸ்ட்மெண்டில் ஏற்கும் ஆவணமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சர்க்கரை சிறுநீரில் வருவது ஆர் 81. டயபெடிஸ் கோடு செய்த சார்ட்டில் இதைத் தனியாகப் போடுவதில்லை, நோயோடு சேர்ந்தது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்கு ஸ்ட்ரிப்பில் குளுக்கோஸ் எப்போதும் உச்சத்தில் இருக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அந்த மருந்தின் வேலையே. லேப் தாளில் சிவப்பு எழுத்தில் வந்தாலும் டாக்டர் கண்டுகொள்ள மாட்டார், நீங்களும் கண்டுகொள்ளாதீர்கள்.

கர்ப்பிணி என்றால் இதுவரை சொன்னது எல்லாம் ஓரம் போகும். ஓ-வில் தொடங்கும் 15-ஆம் அத்தியாயத்துக்குத்தான் முன்னுரிமை. கர்ப்பகாலப் புரோட்டினூரியா ஓ 12.1 வரிசை; அதை ஆர் 80-இல் போடக் கூடாது என்று எக்ஸ்க்ளூட்ஸ்-1 இருக்கிறது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்று பெயர் வைத்துவிட்டால் ஓ 14.

மற்றவை அதிகம் வராது. கீட்டோன் ஆர் 82.4, வாந்தியெடுத்து வந்த குழந்தைகள் சார்ட்டில் பார்க்கலாம், கீட்டோஅசிடோசிஸ் என்று இருந்தால் தனியாக வேண்டாம். கைலூரியா, அதாவது பால்போலப் போவது, ஆர் 82.0, யானைக்கால் கிருமியால் என்றால் பி 74. நம் ஊர்க்காரர்களுக்கு இது புத்தகத்தில் பார்த்ததும் புரியும், அமெரிக்க சார்ட்டில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யூரின் டிரக் ஸ்கிரீன் பாசிட்டிவ் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது. கஞ்சா பாசிட்டிவ் என்று லேப் சொன்னதை வைத்து எஃப் 12 போட்டால் ஒரு மனிதரின் மீது முத்திரை குத்துகிறோம். அந்தப் பழக்கத்தையும் அதோடு தொடர்புள்ள பாதிப்பையும் டாக்டர் எழுதாமல் அந்த வரிசையைத் தொடவே கூடாது.

ஹெல்த் செக்கப் சார்ட்டில் வரும் சந்தேகம் ஒன்று. வருடாந்திரப் பரிசோதனையில் புரதம் புதிதாகத் தெரிந்து, அதை டாக்டர் அசெஸ்மெண்டில் எழுதினால் முதலில் இசட் 00.01, அடுத்து ஆர் 80.9. அவர் எழுதவில்லை, லேப் தாளில் மட்டும் இருக்கிறது என்றால் இசட் 00.00 தான்.

ஆடிட்டருக்கு ரிபட்டல் (மறுப்பு) எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். என் 39.0-க்காக எழுதாதீர்கள், நிற்காது. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: சார்ட்டை மறுபடி திறந்து, கல்ச்சர் வந்த தேதிக்குப் பிறகு அடெண்டமோ (பின்சேர்க்கை), கல்ச்சர் ஃபாலோ-அப் குறிப்போ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல எமர்ஜென்சிகளில் கல்ச்சர் பாசிட்டிவ் வந்தால் யாராவது நோயாளிக்குப் போன் செய்வார்கள், அது வேறொரு டேபில் பதிவாகும். அங்கே டாக்டரோ பிஏவோ (ஃபிசிஷியன் அசிஸ்டண்ட்) 'ஈ. கோலை யூடிஐ, செஃபலெக்சின் தொடரட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்து, அந்தக் குறிப்பை இந்த விசிட்டோடு சேர்க்க உங்கள் கிளையன்ட் விதியும் அனுமதித்தால் என் 39.0, பி 96.20 இரண்டும் திரும்பி வரும், ரிபட்டலும் நிற்கும். நர்ஸ் மட்டும் எழுதியிருந்தால் வராது. 'நோ சிம்ப்டம்ஸ், அசிம்ப்டமாடிக் பாக்டீரியூரியா, மருந்தை நிறுத்தச் சொல்லியாயிற்று' என்று டாக்டர் எழுதியிருந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.